ஆபீஸ் நெட்வொர்க் கேபிளிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோவை பக்கம் சின்ன ஆபீஸ்கள், பள்ளிகள், கிளினிக்குகள், பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் கேபிள் போடுவது என் தொழில். எஸ்டிமேட் கொடுக்கப் போகும் இடத்திலெல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வரும். முன்னால் இருப்பவை முதலாளிகளும் எலக்ட்ரீஷியன்களும் கேட்டவை. பின்னால் வருபவை பெரும்பாலும் ஐடி வேலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் போனில் கேட்டவை. அவரவர் கேட்ட வாக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

ஸ்ட்ரக்சர்ட் கேபிளிங்னா என்ன சார்? ஸ்விட்ச்ல இருந்து கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்தா வேலை முடிஞ்சது இல்லையா?

ஸ்விட்ச் என்பது எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. மூன்று கம்ப்யூட்டர் இருக்கும் கடைக்கு நேராக வயர் இழுப்பது போதும். இருபது, முப்பது என்று போகும்போது போதாது. வீட்டு வயரிங்கை நினைத்துப் பாருங்கள். மிக்ஸி வாங்கினால் மிக்ஸிக்கென்று சுவரை உடைத்து வயர் இழுக்கிறோமா? சுவருக்குள் வயரிங் நிரந்தரமாக இருக்கிறது, வெளியே பிளக் பாயிண்ட் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் செருகிக்கொள்கிறோம். இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு மேசைக்கும் சுவரில் ஓர் ஐஓ பாக்ஸ், அதாவது நெட்வொர்க் பிளக் பாயிண்ட். அங்கிருந்து ரேக்கில் (ஸ்விட்ச் முதலியவற்றை மாட்டும் அலமாரி) இருக்கும் பேட்ச் பேனலுக்கு (கேபிள்கள் வந்து முடியும் சாக்கெட் வரிசை) நிரந்தரமாக ஒரு கேபிள். இரண்டு முனையிலும் கழற்றி மாட்டிக்கொள்ள பேட்ச் கார்டு என்ற குட்டிக் கேபிள். அவ்வளவுதான் அமைப்பு.

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒவ்வொன்றும் தன் மெஷினுக்குத் தனி வகைக் கேபிள் கேட்டது. மெஷினை மாற்றினால் கேபிளையும் மாற்ற வேண்டியிருந்தது. 1991இல் அமெரிக்காவில் 568 என்ற எண்ணில் வந்த பொது வரைமுறைதான் இதற்கு முடிவு கட்டியது. ஐஎஸ்ஓ 11801 என்ற சர்வதேச வரைமுறையும் பிறகு வந்தது. இன்று கோவையில் வாங்கும் ஐஓ பாக்ஸில் எந்த நாட்டு லேப்டாப்பையும் செருக முடிவதற்கு இவைதான் காரணம்.

எல்லாமே வைஃபை ஆயிடுச்சே, இன்னும் வயர் எதுக்கு?

அந்த வைஃபை பெட்டிக்கே சீலிங் வரை ஒரு கேபிள் போகிறது. கேமரா, பயோமெட்ரிக், ஐபி போன், பில்லிங் கவுண்டர் எல்லாம் வயரில் இருந்தால்தான் நிம்மதி. வைஃபை நன்றாக வர வேண்டுமென்றால் பெட்டிகளைக் கூட்ட வேண்டும், பெட்டி கூடினால் கேபிளும் கூடும்.

ஒரு டேபிளுக்கு எத்தனை பாயிண்ட் போடலாம்?

இரண்டு. வரைமுறையும் குறைந்தது இரண்டு என்றுதான் சொல்கிறது. செலவில் பெரும்பங்கு கூலி, பைப், சுவர் வெட்டும் வேலைக்குப் போகிறது. இரண்டாவது கேபிளைக் கூடவே இழுக்க அதிகம் ஆகாது. பெயிண்ட் அடித்து முடித்த பிறகு ஒரே ஒரு பாயிண்ட் கூட்டச் சொன்னால்தான் செலவு கண்ணுக்குத் தெரியும்.

பேட்ச் பேனல் எதுக்கு? கேபிள் நுனியிலயே கிளிப் அடிச்சு நேரா ஸ்விட்ச்ல குத்திடலாமே, செலவு மிச்சம்.

சுவருக்குள் போகும் கேபிளில் ஒவ்வொரு இழையும் ஒரே கெட்டிக் கம்பி. கேட் 6 என்ற கேபிள் ரகத்தில் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே தடிமன். அசையாமல் கிடந்தால் பல வருஷம் உழைக்கும், ஆனால் அடிக்கடி வளைத்தால் உள்ளே முறியும். பேட்ச் கார்டுக்குள் இருப்பது மெல்லிய பல இழைகள், அது வளையத்தான் செய்யப்பட்டது. நிரந்தரக் கேபிளை நேராக ஸ்விட்ச்சில் குத்தினால், அசையக் கூடாத கம்பியை மாதத்துக்கு நாலு தடவை அசைக்கிறீர்கள். ஒரு நாள் கிளிப் ஓரத்தில் விட்டுப்போகும். திரும்பக் கிளிப் அடிக்க இரண்டு அங்குலம் வெட்ட வேண்டும். இப்படி வெட்டி வெட்டி, ஸ்விட்ச்சுக்கு எட்டாமல் விறைத்து நிற்கும் கேபிள்களை நான் நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன்.

பேனல் இருந்தால் கேபிள் அதன் பின்பக்கத்தில் பஞ்ச் செய்யப்பட்டு (கருவியால் அழுத்திப் பொருத்தப்பட்டு) நிம்மதியாகக் கிடக்கும். ஆட்டமெல்லாம் முன்பக்கம், பேட்ச் கார்டில். கார்டு கெட்டால் புதிது மாற்ற ஒரு நிமிடம்.

100 மீட்டர்னு ஒருத்தர் சொல்றார், 90னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி?

இரண்டும் சரி. பேட்ச் பேனலில் இருந்து ஐஓ பாக்ஸ் வரை நிரந்தரக் கேபிள் 90 மீட்டருக்குள் இருக்க வேண்டும். இரு முனையிலும் உள்ள பேட்ச் கார்டுகள் மொத்தம் 10 மீட்டர். கூட்டினால் 100.

இது தரையில் நடந்து அளக்கும் தூரம் இல்லை. கேபிள் சீலிங்குக்கு ஏறி, பீமைச் சுற்றி, திரும்ப மேசைக்கு இறங்கும் தூரம். 80 மீட்டர் நீள தையல் ஹாலில் கடைசி மேசைக்கு அந்த ஏற்ற இறக்கமே 15 மீட்டரைச் சாப்பிட்டுவிடும். அங்கெல்லாம் ஹாலின் நடுவில் இன்னொரு சின்ன ரேக் வைப்பதுதான் வழி.

கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ... எதைப் போடறது? கேட் 8கூட வந்துடுச்சாமே?

1 ஜிகாபிட் வேகத்துக்கு கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை ஓடும். கேட் 6 அதே தூரத்துக்கு 1 ஜிகாபிட்டைக் கூடுதல் தாராளத்தோடு கொண்டுபோகும். 10 ஜிகாபிட் வேண்டுமென்றால் அதில் அதிகபட்சம் 55 மீட்டர்தான், கேபிள்கள் நெருக்கமாகக் கட்டுக்கட்டாகப் போனால் அதற்கும் கீழே. 10 ஜிகாபிட் முழு 100 மீட்டருக்கு வேண்டுமானால் கேட் 6ஏ.

புதிய ஆபீஸுக்கு நான் கேட் 6தான் சொல்வேன். வைஃபை பெட்டிகளுக்குப் போகும் கேபிள்களை மட்டும் முடிந்தால் கேட் 6ஏ ஆக்குங்கள், வேகம் அங்கேதான் முதலில் கூடுகிறது. பழைய கட்டடத்தில் நல்ல கேட் 5இ ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம். 2016இல் வந்த 2.5 ஜிகாபிட் முறை அந்த கேட் 5இயிலேயே ஓடும்படி செய்யப்பட்டது. கேட் 8 என்பது சர்வர் அறைக்குள் ரேக்குக்கு ரேக் போவதற்கு. அதன் எல்லை 30 மீட்டர். ஆபீஸ் மேசைக்கு அதை யாராவது எஸ்டிமேட்டில் போட்டால் எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு பாக்ஸ் 305 மீட்டர் பாதி விலைக்குக் கிடைக்குது. அட்டையில கேட் 6னுதான் போட்டிருக்கு. வாங்கலாமா?

வாங்காதீர்கள். பெரும்பாலும் அது அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசியது. அட்டையில் சிசிஏ என்று பொடி எழுத்தில் இருக்கும், சிலர் அதையும் போடுவதில்லை. ஒரு கம்பியை எடுத்து பிளேடால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். செம்பு உள்ளே வரை சிவப்பாகவே இருக்கும். இது சுரண்டின இடத்தில் வெள்ளையாகப் பளபளக்கும். பாக்ஸைத் தூக்கினாலே எடை குறைவு தெரியும். நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்தினால் பட்டென்று ஒடியும்.

அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். அதனால் தூரம் போகப் போக சிக்னல் தேயும். கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் இதே கேபிளில் மின்சாரமும் போகும்போது கேபிள் சூடாகும், இழப்பு கூடும். வரைமுறைப்படி கேட் 6 என்றால் முழுச் செம்புதான். சுவருக்குள் பதினைந்து வருஷம் கிடக்கப்போகிற பொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்கிறேன். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஸ்விட்ச்சில் பிடியுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பிஓஇன்னா என்ன? எந்த ஸ்விட்ச்ல இருந்தும் கேமராவுக்குக் கரண்ட் வருமா?

நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்புவது பிஓஇ. அந்த வசதி உள்ள ஸ்விட்ச்சில்தான் வரும். 2003இல் வந்த முறையில் போர்ட்டுக்கு 15.4 வாட், 2009 முறையில் 30 வாட், 2018 முறையில் 90 வாட் வரை.

வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், மொத்த வாட்டையும் பாருங்கள். 24 போர்ட்டும் 30 வாட் கொடுக்க 720 வாட் வேண்டும். 370 வாட் ஸ்விட்ச் என்றால் 12 போர்ட்டுக்கு மேல் முழு மின்சாரம் வராது. சாதாரணக் கேமராக்கள் அவ்வளவு இழுக்காது என்றாலும் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கரண்ட் வயர் போற பைப்லயே இதையும் விட்டுடலாமா? பைப்ல இடம் இருக்கு.

கூடாது. சிக்னல் கெடுவது ஒரு காரணம், அதைவிடப் பெரியது உயிர் ஆபத்து. அந்தப் பைப்புக்குள் எலி கடித்தோ சூட்டில் உருகியோ கரண்ட் வயரின் மேலுறை போனால், 230 வோல்ட் நேராக லேப்டாப் செருகும் இடத்துக்கு வரும். தனிப் பைப் போடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் போக நேர்ந்தால் குறைந்தது ஓர் அடி தள்ளிப் போடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி மாதிரி நேர்குறுக்காகக் கடக்க வையுங்கள். தையல், நிட்டிங் யூனிட்டுகளில் மோட்டார் டிரைவ் பெட்டிகளுக்குப் போகும் வயரை இன்னும் தள்ளி வைக்க வேண்டும்.

ஏ கலரா, பி கலரா? எது நல்லது?

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடிகள். அவற்றை முனையில் அடுக்கும் இரண்டு கலர் வரிசைகள்தான் ஏயும் பியும். வேகத்தில் வித்தியாசமே இல்லை. பச்சை ஜோடியும் ஆரஞ்சு ஜோடியும் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். நான் பார்த்தவரை இங்கே பெரும்பாலும் பி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். கட்டடம் முழுக்க ஒன்றையே பின்பற்றி, எதைப் பின்பற்றினீர்கள் என்று ரேக் கதவில் எழுதி வையுங்கள். பஞ்ச் செய்யும்போது முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கட்டைவிரல் நக அகலத்தை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரியுது அண்ணா. ஆனா நெட் விட்டுவிட்டு வருது. எப்படி?

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளும் இடம் இது. அந்தச் சின்ன டெஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: இந்த முனையின் முதல் கம்பி அந்த முனையின் முதல் கம்பியோடு சேர்ந்திருக்கிறதா? எந்தக் கம்பி எதோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று அது கேட்பதில்லை.

இப்போது கிளிப்பைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். மேலே சொன்ன வரிசையில் 3ஆவது வெள்ளைப் பச்சை, பச்சை 6ஆவதாக வருகிறது. நடுவில் நீலமும் வெள்ளை நீலமும். பார்க்க ஒழுங்கில்லாமல் இருக்கிறதே என்று நினைத்து ஒருவர் ஜோடி ஜோடியாக அடுக்குகிறார்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம்... இரண்டு முனையிலும் அதையே செய்கிறார். எட்டு லைட்டும் எரியும். ஆனால் மெஷின் 3ஐயும் 6ஐயும்தான் ஒரு ஜோடியாகப் பயன்படுத்தும். அந்த இடங்களில் இப்போது இருப்பது வெள்ளைப் பச்சையும் நீலமும். இரண்டும் தங்களுக்குள் முறுக்கப்பட்டவை இல்லை. வெளியிலிருந்து வரும் மின் இடையூறைத் தள்ளுவது முறுக்குதான். முறுக்கு இல்லாத ஜோடியில் பக்கத்து ஜோடியின் சிக்னல் புகுந்துவிடும். இதைத்தான் ஸ்ப்ளிட் பேர் என்பார்கள். ஒரு மீட்டர் கார்டில் தெரியாமல் போகலாம், 40 மீட்டரில் காட்டிக்கொடுக்கும்.

சரி, நெட் விடாம வருது. ஆனா 100க்கு மேல ஏற மாட்டேங்குதே?

இது வேறு கோளாறு. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும். 1 ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஒரு கம்பி சரியாகக் கவ்வாவிட்டால் மெஷினும் ஸ்விட்ச்சும் தாங்களாகவே 100க்கு இறங்கிவிடும். முதலில் பேட்ச் கார்டை மாற்றிப் பாருங்கள், பாதி நேரம் அதுதான். பிறகு ஐஓ பாக்ஸைத் திறந்து அந்த இரண்டு ஜோடியையும் திரும்பப் பஞ்ச் செய்யுங்கள்.

பக்கத்து பில்டிங்குக்கும் இதே கேபிளை இழுத்துடலாமா? 60 மீட்டர்தான் இருக்கு.

தூரம் 90க்குள் என்றாலும் வேண்டாம், ஃபைபர் போடுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவே செம்புக் கம்பி ஓடினால், பக்கத்தில் எங்காவது இடி விழும்போது அந்த எர்த் வித்தியாசம் கேபிள் வழியே ஸ்விட்ச்சுக்குள் பாயும். ஒரு மழை இரவில் இரண்டு பக்க ஸ்விட்ச்சும் கூடவே நாலு கம்ப்யூட்டரும் போன இடத்துக்கு மறுநாள் காலையில் போய் நின்றிருக்கிறேன். கருகின வாசனை அறையை விட்டுப் போயிருக்கவில்லை.

ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் பாயாது. கட்டடத்துக்குக் கட்டடம் சிங்கிள் மோட் என்ற ஃபைபர் ரகம், அதன் கார்டு மஞ்சள் நிறம். நாளை வேகத்தைக் கூட்டினாலும் அதே இழையில் ஓடும். இரண்டு இழைதான் தேவை என்றாலும் 6 இழைக் கேபிள் போடுங்கள்.

ரேக்கை எங்கே வைக்கறது? மாடிப்படிக்குக் கீழே இடம் சும்மாதான் இருக்கு.

சும்மா இருக்கும் இடத்தில் துடைப்பமும் வாளியும் கூடவே வந்து சேரும். ரேக்குக்குப் பூட்டுப் போட்ட ஒரு சின்ன அறை இருந்தால் நல்லது. அறை இல்லாவிட்டால், சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் மாட்டுகிற பூட்டு ரேக்காவது இருக்கட்டும். மேல் தளத்தில் டாய்லெட் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். ஏசியின் உள்பெட்டி ரேக்குக்கு நேர் மேலே வேண்டாம், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சொட்டும். தரைத்தளமும் பேஸ்மென்ட்டும் கூடாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது கீழ்த்தளத்தில் இருந்தவை முதலில் மூழ்கின. தரைத்தளத்தைத் தவிர இடமே இல்லை என்றால் முழங்காலுக்கு மேலேயாவது ஏற்றி மாட்டுங்கள். ரேக்குக்கு முன்னால் ஒரு மீட்டர் இடம் விடுங்கள், ஆள் நின்று கதவைத் திறந்து வேலை செய்ய அது வேண்டும்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரேக்கின் உயரத்தை யூ கணக்கில் சொல்வார்கள், ஒரு யூ 44.45 மில்லிமீட்டர். 48 பாயிண்ட் என்றால் 24 போர்ட் பேனல் 2, ஸ்விட்ச் 2, கேபிள் மேனேஜர் 2. அதற்கே 6 யூ ஆயிற்று. ரௌட்டர், கேமரா ரெக்கார்டர், பவர் ஸ்ட்ரிப் சேர்ந்தால் 9 யூ ரேக் முதல் நாளே நிரம்பிவிடும். 15 யூ வாங்குங்கள்.

நிட்டிங் யூனிட்டுகளில் பஞ்சுதான் பெரிய எதிரி. ஸ்விட்ச்சின் ஃபேன் வாயில் மெத்தை மாதிரி படிந்து காற்றையே அடைத்துவிடும். அங்கே ஃபேன் இல்லாத ஸ்விட்ச் போடுங்கள், ரேக்குக்கு வடிகட்டித் துணி வைத்த கதவு போடுங்கள், மாதம் ஒரு தடவை ஊதி எடுங்கள். அப்புறம் ஆயுத பூஜை. அன்றைக்கு அறையைக் கழுவித் துடைப்பார்கள், ரேக்குக்கும் பொட்டு வைப்பார்கள். வைக்க வேண்டியதுதான், அதுவும் நமக்குச் சோறு போடும் ஆயுதம். சந்தனமும் குங்குமமும் கதவில் இருக்கட்டும், போர்ட் பக்கம் போக வேண்டாம். துடைக்கும்போது கழன்ற கார்டை யாரும் தோன்றிய இடத்தில் மாட்டிவிடாமல் இருக்க, அன்று சாவி பொறுப்பானவர் கையிலேயே இருக்கட்டும்.

அந்த ரூமுக்கு ஏசி கட்டாயமா?

ஒரு ஸ்விட்ச், ஒரு ரௌட்டர் என்றால் காற்றோட்டமும் எக்ஸாஸ்ட் ஃபேனும் போதும். சர்வர் வைத்தால் ஏசி வேண்டும், 18இல் இருந்து 27 டிகிரிக்குள் வைத்திருக்க. சாயந்திரம் ஆபீஸ் பூட்டும்போது ஏசியையும் அணைத்துவிட்டுப் போகும் இடங்கள் நிறைய. சர்வர் இரவெல்லாம் ஓடுகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

ரேக்குக்கு எர்த் கொடுக்கணுமா?

கொடுக்க வேண்டும். ரேக்கின் உடம்பிலிருந்து தனிப் பச்சை வயர் கட்டடத்தின் எர்த் பட்டைக்குப் போக வேண்டும். நியூட்ரலில் முடிந்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது ஆபத்து, பார்த்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

லேபிள்ல உட்கார்ற ஆள் பேரை எழுதினா ஈஸியா கண்டுபிடிக்கலாமே?

ஒரு கிளினிக்கில் ரேக்கைத் திறந்தேன். ஒரு கேபிளில் பேனாவால் ‘கேஷியர் அக்கா’ என்று எழுதி செலோ டேப் ஒட்டியிருந்தது. அந்த அக்கா வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது, கேஷ் கவுண்டரே எதிர்ப்பக்கம் மாறியிருந்தது. அந்தக் கேபிள் எக்ஸ்ரே அறைக்குப் போகிறது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லேபிள் விஷயத்தில் நான் விடாப்பிடியாக இருப்பதற்கு அன்றைய காலைப் பொழுதுதான் காரணம்.

ஆள் மாறுவார், மேசை மாறும், துறையின் பெயர் மாறும். கட்டடமும் பேனலும் மாறாது. அதனால் லேபிள் அவற்றைச் சொல்ல வேண்டும். ‘2ஏ-பி07’ என்று எழுதினால் 2ஆம் தளம், ஏ ரேக், பி பேனல், 7ஆம் போர்ட். இதே எண் பேனலிலும், ஐஓ பாக்ஸ் முகத்திலும், கேபிளின் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். இழுப்பதற்கு முன்பே இரு முனையிலும் மார்க்கரால் எண் போட்டுவிடுங்கள். இழுத்த பிறகு எது எது என்று தேடுவது இரட்டை வேலை. கடைசியில் பிரிண்ட் எடுத்த லேபிளை ஒட்டுங்கள், பேனா மை நம் ஊர்ச் சூட்டில் இரண்டு வருஷத்தில் வெளுத்துவிடும். அந்த மேசையில் யார் உட்கார்கிறார் என்பது எக்செல்லில் இருக்கட்டும், அங்கே அழித்து எழுதலாம்.

டாக்குமென்டேஷன்னு சொல்றீங்களே, என்னென்ன எழுதி வைக்கணும்?

முதலில் பாயிண்ட் பட்டியல். ஒரு வரிசைக்கு ஒரு பாயிண்ட்: லேபிள் எண், எந்த இடம், ஸ்விட்ச்சின் எந்த போர்ட், இப்போது மாட்டியிருப்பது என்ன, எந்த விலான் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), கடைசியாக மாற்றியவர், தேதி. இரண்டாவது, கட்டட பிளானில் பாயிண்டுகளைக் குறித்த ஒரு தாள். கையால் வரைந்தாலும் சரி. மூன்றாவது, பொருள் பட்டியல்: மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி, ஐபி. நான்காவது, இன்டர்நெட் கனெக்‌ஷனின் கஸ்டமர் நம்பரும் புகார் சொல்லும் போன் நம்பரும். நெட் போன நேரத்தில் மெயிலைத் திறந்து அந்த நம்பரைத் தேட முடியாது என்பதால் இந்த ஒன்றைத் தாளில் ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஸ்விட்ச், ரௌட்டர் செட்டிங்கின் பேக்கப் ஒன்றும் வேண்டும்.

50, 60 பாயிண்ட் வரை எக்செல் தாராளம். நாலைந்து கிளை, நூற்றுக்கணக்கில் பாயிண்ட் என்றால் நெட்பாக்ஸ் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பாருங்கள். எதில் எழுதினாலும், கார்டைக் கழற்றி மாட்டிய கையோடு, ரேக் முன்னால் நிற்கும்போதே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று விட்ட மாற்றம் எழுதப்படுவதே இல்லை.

பாஸ்வேர்டையும் அதே எக்செல்ல போட்டுடலாமா?

வேண்டாம். பாயிண்ட் பட்டியல் எலக்ட்ரீஷியன் வரை பலர் கைக்குப் போகும். பாஸ்வேர்டுகள் பாஸ்வேர்ட் மேனேஜரில் இருக்கட்டும். அதைத் திறக்கும் வழி முதலாளிக்கும் தெரிந்திருக்கட்டும். ஐடி பையன் வேலையை விட்டுப்போன பிறகு ரௌட்டரை ரீசெட் செய்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிய நிலை எந்த ஆபீஸுக்கும் வரக் கூடாது.

திடீர்னு மொத்த ஆபீஸும் நின்னுடுச்சு. ஸ்விட்ச்ல எல்லா லைட்டும் ஒண்ணா படபடன்னு மின்னுது. ஸ்விட்ச் போச்சா?

பெரும்பாலும் ஸ்விட்ச் நன்றாகத்தான் இருக்கும். யாரோ ஒரு பேட்ச் கார்டின் இரண்டு முனையையும் சுற்றுப்பாதையாகச் செருகியிருப்பார்கள். மேசைக்குக் கீழே தொங்கும் கார்டின் நுனியைப் பார்த்து, கழன்றுவிட்டது போல என்று நல்லெண்ணத்தில் பக்கத்து ஐஓவில் செருகுவார்கள். ஒரே தகவல் நிற்காமல் சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லோர் வழியையும் அடைத்துவிடும். ஸ்விட்ச்சை அணைத்துப் போட்டாலும் இரண்டு நிமிடத்தில் திரும்ப வரும்.

ஒவ்வொரு கார்டாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் மின்னல் அடங்குகிறதோ, அதன் லேபிளைப் பார்த்து அந்த மேசைக்குப் போங்கள். லேபிள் இருந்தால் இது பத்து நிமிட வேலை. மேனேஜ்டு ஸ்விட்ச்சில் (உள்ளே போய் செட்டிங் மாற்ற முடிகிற ஸ்விட்ச்) எஸ்டிபி என்றொரு வசதி உண்டு, இந்தச் சுற்றைத் தானே கண்டுபிடித்து போர்ட்டை அடைத்துவிடும். அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நான் புதுசா சேர்ந்த ஆபீஸ்ல ஒரு லேபிளும் இல்ல, ஒரு பேப்பரும் இல்ல. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். ரேக் முழுசாக ஒன்று, பிறகு ஒவ்வொரு பேனலும் ஸ்விட்ச்சும் எண் தெரிகிற மாதிரி கிட்டத்தில். இனி எது கழன்றாலும் திரும்பப் பழைய இடத்துக்குப் போக உங்களுக்கு வழி இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேர். ஒருவர் மேசை மேசையாகப் போய் ஐஓவில் டோனரை, அதாவது கேபிளில் ஒலி சிக்னல் அனுப்பும் கருவியை, செருக வேண்டும். மற்றவர் ரேக்கில் சத்தம் கேட்கும் குச்சியை ஒவ்வொரு போர்ட்டாகத் தொட்டு வர வேண்டும். கூவும் இடத்தில் மாஸ்கிங் டேப்பில் எண். போனிலேயே பேசிக்கொண்டு செய்தால் 40 பாயிண்ட் ஒரு காலையில் முடிந்துவிடும். மேனேஜ்டு ஸ்விட்ச் இருந்தால் எந்த போர்ட்டில் எந்த மெஷின் என்று மேக் டேபிளில் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு தேடினாலும் நாலைந்து கார்டு எங்கே போகிறது என்று தெரியாது. லைட் எரியவில்லை, யாரும் பயன்படுத்தவில்லை என்று அவற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். சம்பள நாளில் மட்டும் போடும் பிரிண்டர் இருக்கும், ஆடிட்டர் வரும்போது மட்டும் திறக்கும் அறை இருக்கும். ‘தெரியாது’ என்று டேப் ஒட்டி தேதி போடுங்கள். ஒரு மாதம், முடிந்தால் ஒரு மார்ச் கணக்கு முடியும் வரை விட்டுவைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

வேலை முடிஞ்சதும் கான்ட்ராக்டர்கிட்ட என்ன கேட்டு வாங்கணும்? பில் மட்டும்தான் கொடுக்கறாங்க.

ஒவ்வொரு பாயிண்டுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட். எட்டு லைட் டெஸ்டரின் போட்டோ இல்லை, ஸ்ப்ளிட் பேர் கேள்வியில் ஏன் என்று பார்த்தோம். நீளம், சிக்னல் இழப்பு, ஜோடிக்கு ஜோடி குறுக்கீடு எல்லாம் அளந்து பாஸ் என்று காட்டும் சர்டிஃபிகேஷன் ரிப்போர்ட். அந்த மீட்டர் விலை அதிகம், சின்னக் கான்ட்ராக்டரிடம் இருக்காது. ஆனால் நாள் வாடகைக்குக் கிடைக்கும். பல கேபிள் கம்பெனிகள் 20, 25 வருஷ வாரண்டி தருவது இந்த ரிப்போர்ட் இருந்தால்தான். கூடவே, உண்மையில் கேபிள் போன வழியைக் குறித்த பிளான், நிரப்பிய பாயிண்ட் பட்டியல், ரேக் சாவி இரண்டு.

இதையெல்லாம் ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்தில் சேர்த்து, கடைசி 10 சதவீதப் பணம் இவை கைக்கு வந்த பிறகு என்று பேசிக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

வாடகை பில்டிங்கைக் காலி பண்றோம். கேபிளையும் உருவி எடுத்துட்டுப் போயிடலாமா?

ரேக், ஸ்விட்ச், யூபிஎஸ், பேட்ச் கார்டுகளை எடுத்துச் செல்லுங்கள். சுவருக்குள் இருக்கும் கேபிளை விட்டுவிடுங்கள். உருவும்போது அது இழுபட்டு, உள்ளே முறுக்குக் கலைந்துவிடும், புது இடத்துக்கு நீளமும் சேராது. பேனலையும் அப்படியே விட்டுவிட்டால் நல்லது. அதற்கு ஒரு தொகையைக் கட்டட உரிமையாளரிடமோ அடுத்து வருபவரிடமோ கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள். கேட்பதற்கு முன் பாயிண்ட் பட்டியலை ஒரு பிரிண்ட் எடுத்து பேனலோடு கட்டி வைத்துவிடுங்கள். பட்டியல் இல்லாத பேனலை வாங்கி அவர் என்ன செய்வார்?